இன்னும் கொஞ்சம் நீலம்

"அங்கிள், தண்ணி இன்னும் நீலமாத்தான் இருக்கா?" என்று கேட்டாள் றொஷானி.

"ஓம், கொஞ்சம்," என்றார் அம்பலவாணன். குரலில் கவலையைக் கஷ்டப்பட்டு வரவழைத்தார்.

கிர்கிஸ்தானில் கம்பளிக்குச் சாயம் போடும் ஆலையொன்றின் கழிவுநீரைத் தெளியவைக்கும் ஆராய்ச்சி அது. பணம் கொடுப்பது லண்டனிலுள்ள ஒரு நிதியம். அங்கே றொஷானி மேலதிகாரி. அம்பலவாணன் அவளுக்குக் கீழே வேலை செய்பவர், ஆனாலும் அங்கிள்.

ஆராய்ச்சியை நடத்துபவர் கனகாம்பிகை. சோவியத் காலத்தில் புலமைப்பரிசில் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து கிர்கிஸ்தானுக்குப் படிக்கப் போனவர், கணவர் இறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். வியாழக்கிழமை தோறும் கணினித் திரையில் வந்து, கழிவுநீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டுவார். பிறகு சாயத்தைப் பற்றிச் சிறிது நேரம், சம்பலைப் பற்றி வெகுநேரம் பேச்சு நடக்கும்.

"இங்க தமிழ் கதைக்க ஆளில்லை. அதுதான் எங்கட பாக்கித்துக்குக் கொஞ்சம் பழக்கி வைச்சிருக்கிறன்," என்பார்.

உடனே ஆய்வுகூட உதவியாளர் பாக்கித், நரைத்த மீசையோடு திரைக்குள் எட்டிப் பார்த்து, "சுகமோ, அண்ணை?" என்பார்.

மனைவி இறந்த பிறகு அம்பலவாணனைச் சுகம் கேட்க, லண்டனில் அவர் குடியிருந்த டூட்டிங் முழுவதிலும் ஒருவரில்லை. தண்ணீர் தெளிந்தால் திட்டம் முடியும், வியாழனும் போய்விடும். அலுவல் இல்லாமல் ஒரு பெண்ணுக்குப் போன் எடுக்கிற வளர்ப்பு அவருடையதல்ல. ஏங்கினார், ஆனால் முறைப்படி ஏங்கினார்.

"மாரிகாலத்திலயும் ஒருக்காச் சோதிச்சுப் பாத்தால் நல்லம்," என்றார்.

"ஓம், அதுவும் சரிதான்," என்று கனகாம்பிகை உடனே ஒப்புக்கொண்டார்.

அம்பலவாணன் விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சுற்றுச்சூழலின் பேரில் சம்பளம் வாங்கும் ஒருவர் அழுக்குத் தண்ணீர் தெளியக் கூடாதென்று வேண்டியது பிள்ளையாருக்கே புதிதாக இருந்திருக்கும். ஆனாலும் கேட்டது கிடைத்தது. மாரி போயும் போத்தலில் நீலம் போகவில்லை.

றொஷானிக்குப் பொறுமை போயிற்று. "தெளியாத தண்ணிக்கு ஏன் அங்கிள் ஃபண்டிங்? நிப்பாட்டுவம். லேபையும் மூடட்டும்."

தன் ஆசைக்கு அந்த மனுசியின் ஆய்வுகூடமா பலி? அம்பலவாணன் ஓடிப்போய் இரண்டாவது தேங்காயை உடைத்து, வேண்டுதலை மாற்றிக் கேட்டார். தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்துவிட்டதென்று அறிக்கையும் கொடுத்தார்.

"சூப்பர்! அப்ப புரொஜெக்ட் முடிஞ்சுது," என்றாள் றொஷானி. "இந்த வியாழன் கடைசி மீட்டிங். நானும் வாறன்."

தெளிந்தாலும் போச்சு, தெளியாவிட்டாலும் போச்சு. வியாழனன்று அம்பலவாணன் நல்ல சேட்டொன்றை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, திரைக்கு முன்னால் செத்த வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்தார்.

"சாம்பிளைக் காட்டுங்கோ அன்ரி," என்றாள் றொஷானி.

கனகாம்பிகையின் முகம் வெளிறியது. "எடுத்துக்கொண்டு வாறன்," என்று எழுந்து போனார். போனவர் வரவில்லை.

அந்த வெறும் நாற்காலியை அம்பலவாணன் பார்த்தபடியே இருந்தார். இனி எல்லா வியாழனும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

நாற்காலியில் பாக்கித் வந்து உட்கார்ந்தார். கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மீசையைத் திரையோடு ஒட்டினார்.

"அண்ணை, தண்ணி போன வருசமே கிளீன். ஒவ்வொரு புதனும் போத்திலுக்க நீலம் விடுறது அக்காதான். நீங்கள் வியாழன் வரோணுமாம்."