பூச்சிய நேரத்தில் வந்த பவுசர்

காலனை வென்றவர்களைப் பற்றிப் புராணங்கள் நிறையச் சொல்கின்றன. காலத்தையே வென்ற ஒருவர் எங்கள் பிரதேச சபையில், மின்விசிறிக்குக் கீழே, உளுந்து வடையுடன் அமர்ந்திருக்கிறார். அவர்தான் செயலாளர் அருளம்பலம் அவர்கள். அவருடைய எக்செல் அட்டவணையை நிரப்பும் பாக்கியம் பெற்றவன் நான்.

ஆடி பிறந்தால் எங்கள் கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போகும். சனம் வந்து குடிதண்ணீர் கேட்கும். கேட்ட நாளையும் நேரத்தையும் ஒரு பெட்டியில் பதிவேன். சபையின் தண்ணீர் வண்டியான பவுசர் போய்க் குழாயைத் திறந்த நாளையும் நேரத்தையும் அடுத்த பெட்டியில் பதிவேன். இரண்டையும் கழித்து, சனம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று மூன்றாவது பெட்டி சொல்லும். அந்த மூன்றாவது பெட்டியைப் பார்த்துத்தான் எங்களுக்கு ‘துரித சேவைக் கேடயம்’ தந்தார்கள்.

இந்த மகத்தான சாதனைக்கு வில்லங்கமாக வந்து சேர்ந்தவர் கோபிகா, உடுவிலிலிருந்து புதிதாக வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர்.

“சேர், இந்த வீட்டுக்கு மூண்டு நாள் கழிச்சல்லோ தண்ணி போனது? உதிலை ஒரு மணித்தியாலம் எண்டு கிடக்கு.”

“கணினி பொய் சொல்லுமோ, பிள்ளை?” என்றார் செயலாளர்.

“பொய் இல்லை சேர். அந்தப் பெட்டி மணிக்கூடு மாதிரித்தான் காட்டும். இருபத்திநாலு தாண்டினால் திரும்பவும் பூச்சியத்திலை இருந்து வரும். கழிஞ்ச நேரம் முழுக்கக் காட்ட வேணுமெண்டால், மணியைக் குறிக்கிற எழுத்துக்குச் சதுர அடைப்புக்குறி போட வேணும்.”

சொன்னதோடு நில்லாமல் போட்டும் காட்டினார். ஒரு மணித்தியாலம் எழுபத்துமூன்று மணித்தியாலமானது. செயலாளர் வடையைக் கீழே வைத்தார்.

உடனே அவசரக் கூட்டம் கூடியது. கூட்ட அறிக்கையை நானே எழுதினேன்: ‘சபையின் சேவையில் இதுவரை இல்லாத எழுபத்திரண்டு மணித்தியாலத் தாமதம், மேற்படி உத்தியோகத்தர் இட்ட அடைப்புக்குறியால் ஏற்பட்டுள்ளது. பொதுமக்கள் நலன் கருதி அது அகற்றப்படுகிறது.’ அடைப்புக்குறி அகற்றப்பட்டது. கோபிகா நூலகப் பகுதிக்கு அகற்றப்பட்டார்.

மேதைகள் இத்துடன் ஓய்வதில்லை. கேட்ட அதே மணிக்கு எந்த நாளில் தண்ணீர் போனாலும் காத்திருந்த நேரம் பூச்சியம் என்பதைச் செயலாளர் கண்டுபிடித்தார். ‘கேட்ட மணிக்கே குழாய் திறக்கப்படல் வேண்டும்’ என்று சுற்றுநிருபம் பறந்தது. எந்த நாள் என்று அதில் இல்லை. அற்ப விஷயங்களில் அவர் தலையிடுவதில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, கடற்கரை ஒழுங்கையிலிருந்து பெர்னடெட் அக்கா வந்து தண்ணீர் கேட்டார். மகள் மேர்சி ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே பவுசர் நிரம்பி வழிந்தபடி அவர் வாசலில் போய் நின்றது. மேற்பார்வைக்கு நானும் போனேன். சாரதி எமில்ராஜ் இயந்திரத்தை நிறுத்தினான். குழாயைத் தொடவில்லை.

அக்கா வாளிகளோடு ஓடி வந்தார்.

“தம்பி, தண்ணி இருக்குத்தானே?”

“ஓம் அக்கா, முட்ட முட்ட இருக்கு.”

“அப்ப திறவன்!”

“பதினொரு மணிக்குத்தான் திறக்கலாம். ஐயாவைக் கேளுங்கோ.”

நான் பொறுமையாக விளக்கினேன். “இப்ப திறந்தால் இருபத்தொரு மணித்தியாலம் பிந்தினது எண்டு விழும் அக்கா. பதினொரு மணிக்குத் திறந்தால் பூச்சியம்.”

“இப்ப தந்தால் பிந்தினதோ? பிறகு தந்தால் கெதியோ?”

“ஓம். சரியாப் பிடிச்சிட்டீங்கள்.”

“ஐயா, உவர்த் தண்ணியிலை வார்த்துப் பச்சைப்பிள்ளைக்கு உடம்பு முழுக்கச் சிவந்து போச்சு. இரவிலை இருந்து காய்ச்சல் காயுது. மேர்சிக்குக் குடிக்கவும் நல்ல தண்ணி இல்லை. ஒரு வாளி தாங்கோ. ஒரே ஒரு வாளி.”

என் மனம் இளகியது. சுற்றுநிருபம் இளகவில்லை. ஒரு வாளிக்குத் திறந்தாலும் திறந்ததுதானே? எமில்ராஜ் என் முகத்தைப் பார்த்தான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். உள்ளே குழந்தை அழுதது. ஒன்பதரைக்கு அழுகை மெலிந்து, முனகலாகியது. பத்து மணிக்கு ஒரு ஓட்டோ வந்தது. மேர்சி குழந்தையைச் சேலைக்குள் சுற்றி அணைத்துக்கொண்டு ஏறினாள். பெர்னடெட் அக்கா எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு, ஒரு நிமிடமும் பிசகாமல், எமில்ராஜ் குழாயைத் திறந்தான். வாசலில் விட்டுப்போன வாளிகளையெல்லாம் நிரப்பினோம். வாங்க ஒருவரும் இருக்கவில்லை.

பின்னேரம் மூன்றாவது பெட்டியில் பூச்சியம் விழுந்தது. செயலாளர் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார்.

“பார்த்தீரோ? அந்தப் பச்சைப்பிள்ளை ஒரு நிமிசமும் காத்திருக்கேல்லை.”

“ஓம் சேர்,” என்றேன். “எங்களை நம்பி அது ஒரு நிமிசமும் காத்திருந்திருக்கக் கூடாது.”