விளக்கேற்றி வண்டி ஓட்டியவர்

பிள்ளைகளே, காரை ஓட்டுகிறவர்கள் உலகத்தில் கோடிப்பேர் இருக்கலாம். காரோடு சண்டை போடுவதற்காகவே கார் ஓட்டியவர் ஒருவர்தான். அவர் எங்கள் செங்கல்பட்டு ஆக்டிங் அண்ணாத்த.

சினிமாவில் நடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு ஓட்ட ஆள் இல்லாத நாளில் வந்து ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவரை ஆக்டிங் டிரைவர் என்போம். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஜூஸ் கடை வாசலில்தான் சவாரிக்காக நிற்பார். அவர் வீட்டுக்காரம்மாவே அங்கு வந்து, "எங்கூட்டு ஆக்டிங் நாஸ்தா துன்னுச்சா?" என்றுதான் கேட்பார்.

அண்ணாத்தைக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் ஊரில் இருக்கும் கார்கள் எல்லாம் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். கோயிலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். வண்டி கிளம்பிவிடும். செருப்பு கிளம்பாது. சிறுசேரி ஆபீஸ் வாசலில் வெறுங்காலோடு இறங்கி, வெயிலில் குதித்துக் குதித்து டீக்கடையைத் தேடிய நாட்கள் அவர் வாழ்க்கையில் நிறைய. அவர் விட்டுவிட்டுப் போன செருப்புகளை எடுத்து வைக்கவே என் கடையில் ஒரு பழப்பெட்டியைக் காலி செய்திருந்தேன்.

கார் அவருக்கு உதவி செய்தால் மூக்கின்மேல் கோபம் வரும். பின்பக்கத்தைக் காட்டும் கேமரா இருந்தால் அந்தத் திரையில் தன் துண்டைப் போட்டு மூடுவார். "பின்னால பாக்க எனக்குக் கழுத்து கீது" என்பார். வண்டி பீப் பீப் என்று கத்தினால், "இரு இரு, நானும் பாத்துட்டேன்" என்று பதில் சொல்வார். கேளம்பாக்கத்தில் பிளாட் வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர் தம்பியை ஒருநாள் அழைத்துப் போனபோது, போனில் வழிகாட்டும் பெண் குரல் இடதுபக்கம் திரும்பச் சொல்லியிருக்கிறது.

"நீ சொன்னதுக்காவே நேராப் போறேன்" என்று சொல்லிவிட்டு நேராகப் போயிருக்கிறார். மடிக்கணினியில் தலையைக் கவிழ்த்திருந்த அந்தத் தம்பி நிமிர்ந்து பார்த்தபோது எதிரே திருப்போரூர்க் கோயில் கோபுரம் நின்றதாம். சும்மா வந்ததுதான் வந்தோம் என்று இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்களாம்.

ஆனால் இவை எல்லாம் சில்லறைச் சண்டை. அவருடைய பெரிய பகை ஒரு பட்டனோடு.

புதுக் கார்களில் அந்தப் பட்டனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்னக் காரும், அதற்குப் பின்னால் பாம்பு நெளிந்து போனமாதிரி இரண்டு கோடுகளும் போட்டிருக்கும். இ.எஸ்.சி. என்பார்கள். நான் பத்தாவதோடு நின்றவன், எனக்குப் புரிந்தமாதிரி சொல்கிறேன். வளைவிலோ ஈரத்திலோ சக்கரம் வழுக்கினால், நாம் திருப்புகிற பக்கம் கார் போகாமல் தன் இஷ்டத்துக்குப் போகப் பார்க்கும். அதைக் காரே கண்டுபிடித்து, எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நேராகுமோ அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். எஞ்சின் வேகத்தையும் குறைக்கும். நம் காலால் அப்படி ஒற்றைச் சக்கரத்தைப் பிடிக்க முடியாது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அது தானாகவே காவலுக்கு வந்துவிடும். அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் காவல் போய்விடும். போய்விட்டது என்று எச்சரிக்க மஞ்சளாக ஒரு விளக்கு எரியும்.

அந்த மஞ்சள் விளக்கை எரியவிடாமல் அண்ணாத்த வண்டியை நகர்த்தியதே இல்லை. உட்கார்ந்ததும் பட்டனைத் தேடிப் பிடித்து அழுத்துவார். விளக்கு எரிந்ததும் இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "விளக்கு ஏத்தாம நான் வண்டி எடுக்கிறதில்ல" என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் காரின் சொந்தக்காரர்களுக்குப் புல்லரிக்கும். விளக்கு எரிகிறது என்றால் பாதுகாப்பு எரிகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அதை அணைத்துவிட்டதற்கான விளக்கு அது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

தெரிய வந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. காது குத்த நாள் பார்த்திருந்தோம். என் மனைவியின் ஊர் மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலோரக் குப்பம். அங்கே கங்கையம்மன் கோயிலில் விழா. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், அதாவது என் மனைவியின் தம்பி, சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் தங்கி அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் அவன் மடி அங்கே போய்ச் சேர வேண்டும்.

என் மச்சான் அந்த மாதம்தான் புதுக் கார் வாங்கியிருந்தான். ஓட்டத் தெரியாது. "கத்துகினு வாங்கலாமேடா" என்றேன். "காரு வந்தா ஓட்டறது தானா வந்துரும் மாமா" என்றான். வராததால் ஆக்டிங் அண்ணாத்தையை அமர்த்தினோம். நான் காலையிலேயே போய் மச்சானை முறைப்படி அழைத்தேன். சீர்த்தட்டுகளோடு பட்டு வேட்டி சரசரக்கப் பின்சீட்டில் ஏறினான். கம்மல் அவன் சட்டைப் பையில். அண்ணாத்த செருப்பைக் கழற்றினார், விளக்கு ஏற்றினார், கண்ணில் ஒற்றினார்.

"பாத்தியா மாமா, என் வண்டிக்கு எவ்ளோ மரியாதை" என்றான் மச்சான்.

திருக்கழுக்குன்றம் வரைக்கும் ராஜ பயணம். அதைத் தாண்டியதும் அறுவடைக் காலம் எங்களுக்காகக் காத்திருந்தது. களம் இல்லாதவர்கள் நெல்லை ரோட்டில்தான் கொட்டிக் காய வைப்பார்கள். பாதி ரோட்டுக்கு நெல், ஓரத்துக்குக் கல். அது ஒரு வளைவு. எதிரே பஸ் வந்தது. அண்ணாத்த ஒதுங்கி நெல்லின்மேல் ஏறினார், திருப்பினார். ஸ்டியரிங் திரும்பியது. கார் திரும்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு மொத்தமாகத் திரும்பியது. பனைமரம், பஸ், வயல், மறுபடியும் பனைமரம் என்று எல்லாம் எங்களைச் சுற்றி வந்தன. வாழைப்பழத் தட்டு மச்சான் தலையில் உட்கார்ந்தது.

கார் நின்றபோது நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் அடியில்லை. அண்ணாத்த மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"எதுனா மறந்துட்டு வந்துட்டீங்களா? போய் எடுத்துகினு வரலாம்னு திருப்பினேன்."

நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கட்டையோடு வந்தார். "ஏன்யா, நெல்லு காய வெச்சா நீ அதுல கோலம் போடுவியா? புள்ளி வெக்க மறந்துட்டியே" என்றார். நான் இறங்கிக் காலால் நெல்லைத் தள்ளிச் சேர்த்துக் கொடுத்தேன். மச்சானோ தலையில் இருந்த பழத்தைக்கூட எடுக்காமல் காரை விற்ற ஷோரூமுக்குப் போன் போட்டான்.

"இன்னாப்பா ஏமாத்து வேல இது? வழுக்காதுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? விளக்கு எரிஞ்சுகினுதான் கீது, வண்டி பம்பரம் கணக்கா சுத்துது."

"சார், மஞ்சள் விளக்கா?" என்றது போனில் ஓர் இளங்குரல்.

"ஆமா, ஜெகஜோதியா எரியுது."

"அது எரிஞ்சா ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம் சார்."

நாங்கள் இருவரும் அண்ணாத்தையைப் பார்த்தோம். அவர் வெளியே வயலைப் பார்த்தார்.

"நான் எப்போ ஆன்ல கீதுன்னு சொன்னேன்? விளக்கு ஏத்தறேன்னுதான் சொன்னேன்."

"இனிமே அந்தப் பட்டன்ல கை வெச்சே, கீழ எறக்கி விட்டுட்டுப் போய்கினே இருப்பேன்" என்றான் மச்சான். யார் ஓட்டிக்கொண்டு போவது என்பதை அவன் யோசிக்கவில்லை.

அண்ணாத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெக்க மாட்டேன் ஓனர் சார். கங்கையம்மன் மேல சத்தியம்" என்றார். பட்டனை அழுத்தி விளக்கை அணைத்தார். விளக்கு அணைந்த காரை ஓட்டிக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவர்போல் போனார்.

குப்பத்துக்குப் போகிற கடைசி வழி சவுக்குத் தோப்புக்குள் போகும் மணல் பாதை. பாதித் தூரத்தில் முன்சக்கரங்கள் மணலில் புதைந்தன. அண்ணாத்த ஆக்சிலரேட்டரை மிதித்தார். சக்கரம் ஒரு சுற்று சுற்றியதும், வழுக்குகிறது என்று கார் பயந்து எஞ்சினின் குரல்வளையைப் பிடித்துவிட்டது. மிதிக்க மிதிக்க முனகல்தான் வந்தது. கொஞ்ச நேரம் முன்னால் எதை நம்பினால் பிழைத்திருப்போமோ, அது இப்போது எங்களை நகரவிடவில்லை. மணலில் சக்கரம் சுற்றித்தான் ஆக வேண்டும்.

"இன்னாய்யா ஆச்சு?" என்றான் மச்சான்.

"இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும். ஆனா சத்தியம் பண்ணிட்டேன்" என்று அண்ணாத்த கையைக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பட்டனத் தொடச் சொல்லி நான் கேக்க மாட்டேன்" என்று மச்சானும் கையைக் கட்டிக்கொண்டான்.

"எறங்கி ஓடிப் போயிடலாம்டா" என்றேன்.

"அம்மாந்தூரம் மணல்ல ஓடினா ராகு காலம்தான் முன்னால போவும். அதுவுமில்லாம மாமா, கோயில் வாசல்ல கார்ல வந்து எறங்கணும்னுதான் காரே வாங்கினேன்."

பட்டனைத் தொடாதே என்கிறவர் ஒருவர், தொடமாட்டேன் என்கிறவர் ஒருவர். நடுவில் என் பிள்ளையின் இரண்டு காதுகள். இருவர் காலிலும் விழுந்துவிடலாமா என்று யோசித்தேன். காருக்குள் இடம் இல்லை.

அப்போது என் மனைவி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்க கீறீங்க? ஆசாரி ஊசியோட ஒக்காந்துகினு கீறாரு. நேரமாவுதுன்னு எங்க சித்தப்பா புள்ள மடியில வெச்சிக் குத்திடலாம்னு பேசிக்கினு கீறாங்க. அவன் ஷேர் ஆட்டோல நேரத்துக்கு வந்து சம்மணம் போட்டு ஒக்காந்துட்டான்."

மச்சானின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மடி என்ற உரிமை ஷேர் ஆட்டோவில் வந்தவனுக்குப் போகப்போகிறது. கட்டிய கைகள் தாமாக அவிழ்ந்தன.

"அம்மன் கோயிலுக்குத்தானேய்யா போறோம், அவ கோச்சுக்க மாட்டா" என்றான். "விளக்க ஏத்துய்யா."

அண்ணாத்த பட்டனை அழுத்தினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரெண்டு பேரும் எறங்கித் தள்ளுங்க. பாரம் கொறையட்டும்" என்றார். சவுக்கு மிலாறுகளைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டோம். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று தொட்டில் ஆட்டுவதுபோல் காரை ஆட்டினார். சக்கரம் சுற்றி, மணலை வாரி மச்சானின் பட்டு வேட்டியில் இறைத்து, கார் எழுந்து ஓடியது.

ஓடியது என்றால் ஓடியே போனது. மணலில் நிறுத்தினால் மறுபடியும் புதையும் என்று அவர் நிறுத்தவே இல்லை. "அண்ணாத்த, நாங்க ஏறணும்" என்று கத்திக்கொண்டே நாங்கள் பின்னால் ஓடினோம்.

கோயில் வாசலில் என்ன நடந்தது என்பதை மனைவி சொல்லித்தான் தெரியும். தாய்மாமன் கார் வருகிறது என்றதும் மேளம் அதிர்ந்திருக்கிறது. கதவு திறந்ததும் ஆரத்தி சுற்றி, இறங்கியவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள். வெறுங்காலும் மாலையுமாக அண்ணாத்த நின்றிருக்கிறார். "நான் ஆக்டிங்மா. தாய்மாமன் பின்னால ஓடியாந்துகினு கீறாரு" என்று சொன்னாராம். காரில் வந்து இறங்க ஆசைப்பட்ட மச்சான், மணலும் வியர்வையுமாக வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்து சேர்ந்தான். அதே மாலை கழுத்து மாறியது. சித்தப்பா மகன் மனசில்லாமல் மடியை மடக்கிக்கொண்டு எழுந்தான். ராகு காலத்துக்கு முன்னால் பாப்பா மச்சான் மடியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊசி வந்ததும் அவள் போட்ட சத்தத்தில் மேளம் தோற்றது. பஸ்ஸுக்கும் வளைவுக்கும் பயப்படாத அண்ணாத்தையை அப்போது காணவில்லை. தேடினால், காருக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்து நின்றிருந்தார்.

விருந்து முடிந்து அதே வழியில் திரும்பினோம். மச்சான் முன்சீட்டில் குறட்டை விட்டான். காதில் சந்தனம் காயாத பாப்பா என் மனைவி மடியில் தேம்பித் தேம்பித் தூங்கிப்போயிருந்தாள். தோப்பு மணலில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். தார் ரோட்டில் ஏறியதும் அண்ணாத்த கண்ணாடியில் பின்சீட்டை ஒருமுறை பார்த்தார். கை மெதுவாகப் பட்டன் பக்கம் போயிற்று. மஞ்சள் விளக்கு அணைந்தது. நெல் காய்கிற வளைவு வந்தபோது கார் மாட்டு வண்டி வேகத்தில் போனது.

"இன்னா அண்ணாத்த, விளக்க அணைச்சிட்டீங்க?" என்று காதோரமாகக் கேட்டேன்.

"கொயந்த தூங்குது இல்ல? வெளிச்சம் கண்ணுல பட்டா முழிச்சிக்கும்" என்றார்.

வெளியே ரோட்டைப் பார்க்க முடியாதபடி பட்டப்பகல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "ஆமாம் அண்ணாத்த, முழிச்சிக்கும்" என்றேன்.