வெளிச்சத்துக்குத் தலையாட்டியவர்

தலையாட்டி என்றொரு இனம் உண்டு. பூம்பூம் மாட்டைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது பாவம், மேளத்தைக் கேட்டாவது ஆட்டுகிறது. இவரோ முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, காதில் விழுவது என்னவென்றே தெரியாமல், கண்ணை அரைவாசி மூடி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, "அடடா" என்று பெருமூச்சும் விட்டு, பக்கத்துக்காரரையும் ஆட்ட வைத்துவிடுவார். சங்கரன்கோவிலில் இந்த விளைச்சல் அதிகம்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார் மருதப்பன் அண்ணாச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பத்தாறாம் வருஷம், சென்னையில் ஆராய்ச்சி முடித்த கரிவலம்வந்தநல்லூர் கோமதித்தாய், எங்கள் நூலக மாடியில் பேச வந்தாள். மறுவாரம் பம்பாயில் வேலைக்கு இன்டர்வியூ. அங்கே பேச வேண்டியதை இங்கே ஒருமுறை பேசிப் பார்க்க ஆசைப்பட்டாள்.

"தப்பு இருந்தா இங்கனயே சொல்லிருங்க அண்ணாச்சி. அங்கன போய் முழிக்கக் கூடாது."

"நீ பேசும்மா, நான் பாத்துக்கிடுதேன்."

கரும்பலகையில் கோடு கோடாக வரைந்தாள். தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய குறைக்கடத்தி அடுக்குகளாம். "நூறு அடுக்கும் தன்பாட்டுக்கு ஒளிவிட்டா நூறு பங்கு வெளிச்சம். சரியான இடைவெளியில நின்னு, ஒரே தாளத்துல ஒளிவிட்டா நூறோட வர்க்கம், ஆயிரம் பங்கு!"

அண்ணாச்சியின் தலை ஆடியது. அதைப் பார்த்து ஜவுளிக்கடை மூக்காண்டியின் தலை. பிறகு நாற்பது தலையும் ஒரே தாளத்தில். அந்த அடுக்குகளுக்குக்கூட இத்தனை ஒற்றுமை வந்திருக்காது! "சந்தேகம் உண்டா?" என்று கேட்டாள். ஒருவராவது வாயைத் திறந்தாரா? திறந்தார்கள், வடைக்கு.

பம்பாயில் ஒருவர் தலையாட்டவில்லை. அந்தக் கணக்கிலேயே விரலை வைத்து, "இது சரியா?" என்று கேட்டாராம். அவள் அழித்து அழித்து எழுதினாளாம். பிறகு கேட்டதற்கெல்லாம் ஏதேதோ உளறினாளாம். வேலை வேறொருவருக்குப் போனது.

ஊருக்குத் திரும்பியவளிடம் அண்ணாச்சி சொன்னார்: "எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம்தான்."

"அப்பம் எதுக்கு அண்ணாச்சி தலைய ஆட்டுனிய?"

"எல்லாரும் ஆட்டுனாவளேம்மா!"

பக்கத்தில் நின்ற மூக்காண்டி இதற்கும் தலையாட்டினார். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

என்ன, நீங்களும் ஆமாம் என்கிறீர்களா? நூறோட வர்க்கம் ஆயிரம் என்று மேலே படித்தீர்களே, அங்கே ஒரு நிமிஷம் நின்றீர்களா? நூறை நூறால் பெருக்கினால் பத்தாயிரம். அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.