இளவரசிக்காக உபவாசம் இருந்த வெள்ளிக்கிழமைகள்

பிறக்காத ஒரு பிள்ளைக்காக இத்தனை உறக்கத்தைத் தொலைத்த பெண் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருத்திதான். களியக்காவிளையிலிருந்து அஞ்சுகிராமம் வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும் இன்னொருத்தி கிடைக்கமாட்டாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் நாங்கள் 'பத்திரம்' என்றுதான் கூப்பிடுவோம்.

மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ சபை நடத்தும் ஒரு பெண்கள் விடுதியில் நான் சமையல்காரி. வார்டன்மார் வருவார்கள், போவார்கள். நானும் என் மீன்கறியும் மாறியதில்லை. பத்திரம் அடுக்களையை ஒட்டிய அறைக்காரி. பத்திரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் கிரையப் பத்திரம் டைப் அடிக்கிற வேலை. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தாயும் தகப்பனும் போன பிறகு தமையன் வீட்டிலும் இடம் இல்லாமல் போனது. அந்தச் சின்ன அறைதான் அவளுக்கு வீடு, ஊர், எல்லாம்.

ஆபீஸில் பிழையாகிப்போன தாள்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் நாவல் எழுதுவாள். இளம்பிள்ளைகள் வாசிக்கிற மாயக்கதை. தொட்டிலிலேயே களவு போன இளவரசி உப்பளத்தில் வளருகிறாள். தான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் கை பட்டால் வற்றின கிணறு ஊறும், பூட்டின கதவு திறக்கும். ஆனால் அந்த நாட்டில் மந்திரத்துக்குத் தடை. செய்தால் பாதாளச் சிறை. செய்யாவிட்டால் வீட்டுக்குப் போக வழி கிடையாது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் காதால் வாசிப்பதில் என்னை வெல்ல ஆள் இல்லை. நான் மரச்சீனிக்கிழங்கு தோல் உரிப்பேன், அவள் பக்கத்தில் இருந்து வாசிப்பாள். என்ன கதை எழுதினாலும் பத்திரத்தின் வாடை போகாது. காடு என்று வந்தால் நான்கு எல்லை சொல்லாமல் விடமாட்டாள். 'கிழக்கு அரக்கி வகை தென்னந்தோப்பு, மேற்கு ஆறு, வடக்கு பொதுவழி, இதற்கு உட்பட்ட மந்திரக்காடு நானூறு ஏக்கரும், அதிலுள்ள மரங்களும் கிணறும்...'

"ஏட்டி, இளவரசி காட்டுக்குள்ள ஓடுதாளா, இல்ல காட்ட விலைக்கு வாங்கப் போறாளா?"

"எல்ல சொல்லல்லன்னா நாளைக்கு அரக்கி கேஸ் குடுப்பா சித்தி."

இதைச் சிரிக்காமல் சொல்வாள். அதுதான் எனக்குப் பயம். ஒருநாள் மத்தியானம் சோற்றை அப்படியே தள்ளி வைத்துவிட்டாள். "அவ மூணு நாளா பட்டினி கெடக்கா. எனக்கு எப்பிடி எறங்கும்?"

"நீதானட்டி அவளப் பட்டினி போட்ட? போய் ரெண்டு வாழப்பழம் எழுதிக் குடுத்துட்டு வந்து தின்னு."

எழுந்துபோய் எழுதிவிட்டு வந்துதான் சாப்பிட்டாள்.

பிறகு கதை நின்றுபோனது. இளவரசி காட்டுக்குள் வழி தவறினாள். வெளியே கொண்டுவர பத்திரத்துக்கு வழி தெரியவில்லை. ஒரு மாதம் ஒரு வரி எழுதவில்லை. வெப்ராளம் பிடித்தவள்போல, இருப்புக்கொள்ளாமல் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் அவள் செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரி ஒருத்திதான் செய்வாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு, தேவையுள்ளவர்கள் எழுதிப்போடுகிற பெட்டியில் ஒரு சீட்டு போட்டுவிட்டாள்.

போதகர் ஐயா அதை எடுத்து உரக்க வாசித்தார். "காணாமற்போன பெண்பிள்ளை, வயது பதினாறு. மேற்படி பெண்பிள்ளை தாய்தகப்பன் வசம் வந்து சேர வழி கிடைக்க ஜெபிக்க வேண்டியது."

அது எந்தப் பிள்ளை என்று எனக்கு மட்டும் விளங்கியது. அதற்குள் ஐம்பது பெண்கள் விம்மத் தொடங்கிவிட்டார்கள். முதல் சத்தம் ரத்தினபாய் மாமியுடையது. ஜெபக் கூட்டத்தின் தலைவி. அவர் அழுதால் ஊர் அழும்.

வெளியே வந்ததும், "யாருக்க பிள்ள?" என்ற பேச்சுத்தான். சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளைக்கு ஊரும் கிடைத்தது, காதலனும் கிடைத்தான். களியக்காவிளைப் பிள்ளையாம், பஸ் கண்டக்டரோடு போய்விட்டாளாம். திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போன ஒருத்தர், பச்சைச் சுடிதாரில் நேரில் கண்டதாகவே சொன்னார். அடுத்த வெள்ளியும் உபவாசம், அதற்கடுத்த வெள்ளியும் உபவாசம்.

"போய் சொல்லிரு மக்கா, அது கதேன்னு" என்றேன்.

"சொன்னா கதையக் காட்டச் சொல்லுவாவ சித்தி. கதை முழுக்க மந்திரம். வாசல்ல போர்டு தொங்குதுல்லா?"

உண்மைதான். பழைய காலத்துப் போர்டு. 'மாந்திரீகம், குறி கேட்டல், தாயத்து இவை இவ்விடுதியில் விலக்கப்பட்டவை. மீறுவோர் வெளியேற்றப்படுவர்.' போர்டு துருப்பிடித்துவிட்டது, வார்டன் துருப்பிடிக்கவில்லை. நான் அன்றே தாள்கட்டை வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். இரண்டு நாள் சோற்றில் உப்பு போட்டேனா இல்லையா என்றே நினைவில்லை. விடுதிப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வெள்ளி கழிந்ததும் போலீசுக்குப் போவதென்று முடிவாயிற்று. புகார் எழுத சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்த போதகர் ஐயாவுக்கு 'மேற்படி' என்ற பத்திர ஆபீஸ் சொல்லில் கண் நின்றது. நேரே விடுதிக்கு வந்துவிட்டார். பின்னாலேயே வார்டன், அதற்குப் பின்னால் ரத்தினபாய் மாமி.

"நீ எழுதினதுதானே அம்மா? பயப்படாமல் சொல். இது யாருடைய பிள்ளை?"

பத்திரம் சீட்டைப் பார்த்தாள், வார்டனைப் பார்த்தாள். கடைசியில், "எனக்க பிள்ளதான் ஐயா" என்றாள்.

வார்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மாமி, "கர்த்தாவே!" என்றார். கல்யாணம் ஆகாதவளுக்குப் பதினாறு வயதில் பிள்ளை! இனி நான் வாயைத் திறக்காவிட்டால் மானமும் போகும், அறையும் போகும். ஓடிப்போய் அரிசிக்குள் கைவிட்டுத் தாள்கட்டை எடுத்துவந்து வைத்தேன். "அவ பெத்த பிள்ளயில்ல ஐயா. எழுதின பிள்ள."

ஐயா ஒரு பக்கம் வாசித்தார். தோளுக்கு மேலால் வார்டனும் வாசித்தார். "கை வச்சதும் கிணறு ஊறிச்சாம்! இது மந்திரம் இல்லாம என்ன? இன்னைக்கே அறையக் காலி பண்ணணும்."

ஐயா இரக்கமுள்ளவர். "மந்திரத்தை மட்டும் எடுத்துவிட முடியாதா அம்மா?" என்று கேட்டார்.

அதுவரை தலைகுனிந்து நின்றவள் நிமிர்ந்தாள். "எடுத்தா அவ எப்பிடி ஐயா வீட்டுக்கு வருவா? பஸ்ஸிலயா?"

முடிந்தது கதை என்று நான் அவள் பெட்டி இருக்கும் பக்கம் பார்த்தேன். அப்போதுதான் ரத்தினபாய் மாமி முன்னால் வந்தார்.

"கதையோ காரியமோ, எனக்குத் தெரியாது. சுகருக்காரி நான். மூணு வெள்ளி பச்சத்தண்ணி குடிக்காம அந்தப் பிள்ளைக்காக முட்டுப்போட்டேன். அவ வீடு வந்து சேரணும். நடுக்காட்டுல பிள்ளய விட்டுட்டு இவள எறக்கி விடுவியளோ? விடுங்க பாப்போம்!"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். கதை முடியும்வரை அறை இருக்கட்டும், முடிந்த பிறகு வேறு இடம் பார்க்கட்டும் என்று தீர்ப்பு சொன்னார். வார்டன் ரிஜிஸ்டரை எடுத்து, காலி செய்யும் தேதி என்ற கட்டத்தில், 'இளவரசி வீடு திரும்பும் நாள்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. கதை மூன்றாம் பாகத்தில் ஓடுகிறது. வெள்ளிதோறும் மாமி கேட்பார்: "ஏட்டி, பிள்ள எங்க வந்தா?" "மலய விட்டு எறங்கியாச்சு மாமி." வார்டனும் விசாரிப்பார், அவர் கேட்பது வேறு காரணத்துக்கு.

போன வாரம் பத்திரம் வெளுத்த முகத்தோடு அடுக்களைக்கு வந்தாள்.

"சித்தி, வந்துட்டா. அரமன வாசல்ல நிக்கா. கை வச்சா கதவு தெறந்திரும். ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி."

என் கையில் அகப்பை நின்றுவிட்டது. "ஆரும் பாத்தாவளா?"

"இல்ல. காவக்காரன் உறங்குதான்."

"அவன எழுப்பி விடு."

"சித்தி! மறுபடியும் பிடிச்சிட்டுப் போயிருவானே!"

"போவட்டு. அவளுக்கு ஓடக் காலு இருக்கு, கையில மந்திரமும் இருக்கு. இந்த அறைய விட்டா உனக்கு என்னட்டி இருக்கு?"

 பத்திரம் அறைக்குப் போய்க் காவல்காரனை எழுப்பினாள்.

பிள்ளைக்காக அரண்மனையில் காத்திருக்கிற அந்த ராணி என்னைச் சபிப்பாள், சபிக்கட்டும். அவள் பிள்ளை அவளுக்கு. பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளை எனக்கு.