எண்ணெய் வைக்காத ஒரு தலை

துர்கா டீச்சர் தன் தலைமுடியில் சீப்பை இருபது முறை ஓட்டிவிட்டு, ஆய்வகக் குழாயிலிருந்து நூலாக விழுந்த தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தார். தண்ணீர் அசையவில்லை.

"மிஸ், வளையும்னு சொன்னீங்களே?" என்றாள் கவிநிலா.

"வளையும்டி. தண்ணி மூலக்கூறுல ஒரு பக்கம் நேர்மின்சுமை, இன்னொரு பக்கம் எதிர்மின்சுமை, அதுக்குப் பேருதான் முனைவு. சீப்புல மின்சுமை ஏறினா இழுத்துக்கும்."

சீப்பில் ஏறியிருந்தது தேங்காய் எண்ணெய்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆய்வு அதிகாரி வருகிறார். இந்தச் சோதனையைப் பார்த்துவிட்டுத்தான் துர்காவை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று எழுதப்போகிறார். பாவம், மூன்று வருடமாகத் தற்காலிக வேலை.

"எண்ணெய் வைக்காத தலை யாருது? முன்னாடி வாங்க."

ஒருவரும் வரவில்லை. 'நாளை அதிகாரி வருகிறார், பிள்ளைகளைப் படிய வாரி அனுப்பவும்' என்று முந்தின நாள் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியவரே துர்காதான். முத்தியால்பேட்டைத் தாய்மார்கள் ஒரு வாரத்து எண்ணெயை ஒரே காலையில் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். முப்பத்திரண்டு தலைகளும் பளபளத்தன.

விக்ரமைக் குழாயடியில் குனியச் சொன்னார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடியது. எண்ணெய் அப்படியே இருந்தது.

"எண்ணெய்க்கு முனைவு இல்ல, அதான் தண்ணியோட சேராதுன்னு நேத்து நீங்கதான மிஸ் நடத்துனீங்க?" என்றான் விக்ரம், குனிந்தபடியே.

எதிர்க்கடையிலிருந்து ஷாம்பு பாக்கெட்டுகள் வந்தன. ஆறு தலைகளை அலசியதில் எண்ணெய் போனது. ஈரத்தலையில் மின்சுமை எங்கே ஏறும்? ஏழாவது தலையை அலசுவதற்குள் மாடித் தொட்டியும் காலியாகி, குழாய் வெறும் காற்றை ஊதியது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி புருஷோத்தமன் நுழைந்தார். ஆறு பிள்ளைகள் சொட்டச் சொட்ட வணக்கம் வைத்தார்கள்.

"என்னாம்மா, இது கெமிஸ்ட்ரி கிளாஸா, நீச்சல் கிளாஸா?"

துர்காவின் கண் அவர் தலையிலேயே நின்றது. சாயம் பூசிய, புசுபுசுவென்ற, சொட்டு எண்ணெய் காணாத தலை! எப்படியும் வேலை போகப்போகிறது, கேட்டால்தான் என்ன?

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க தலைய கொஞ்சம் குடுப்பீங்களா?"

அதிகாரி திகைத்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். பள்ளியே பின்பக்கத் தோட்டத்துக்குப் போனது. செடிகளுக்கு ஊற்ற மட்டும் அங்கே தனியாக ஒரு குழாய், அதில் எப்போதும் தண்ணீர் உண்டு. அதிகாரி தலையைக் குனிய, துர்கா வார, பிள்ளைகள் இருபதுவரை எண்ணினார்கள்.

"கொளஞ்சியக்கா, லேசா தொறங்க!"

தோட்டவேலை செய்யும் கொளஞ்சி குழாயைத் திருகினார். துர்கா தயாராக நீட்டியிருந்த சீப்பின் பக்கம், விழும்போதே தண்ணீர் அழகாக வளைந்தது.

ஒரே கைதட்டல். துர்காவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

"என் தலையில இவ்ளோ பவரா!" என்று அதிகாரி முடியைத் தடவிக்கொண்டார். 'நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன்' என்று அங்கேயே பச்சை மையில் எழுதிக் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருமுனை திரும்பியதும் கொளஞ்சி கேட்டார்:

"இதுக்கா டீச்சர் இவ்ளோ கைதட்டு? இந்தக் கொழா வாய் நசுங்குனதிலருந்து மூணு மாசமா தண்ணி அந்தப் பக்கமாத்தான விழுந்துக்கினு இருக்குது!"