மரியாதையாகப் பேசிய சூப்பர்வைசர்

“மேஸ்திரி, உங்களுக்கு வசதிப்பட்டா தயவுசெய்து கான்கிரீட் போட ஆரம்பிக்கலாமா?” என்றார் சூப்பர்வைசர்.

மேல்தளத்தில் கம்பி கட்டி முடித்துத் தயாராக நின்ற ஆட்கள் அத்தனை பேரும் பேயறைந்தவர்கள்போல் ஆகிவிட்டார்கள். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தார்.

“சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

உடம்புக்கு என்ன? கல்லுமாதிரிதான் இருந்தது. மனுஷன் மாலைக் கல்லூரியில் கட்டுமான மேலாண்மை படித்துக்கொண்டிருந்தார். மற்ற பாடமெல்லாம் எப்படியோ கரையேறிவிட்டது. பேச்சுத்திறனில் மட்டும் கோட்டை விட்டுக்கொண்டே இருந்தார். பின்னே, அவர் ஒரு அதட்டல் போட்டால் எதிர்த் தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும்! இன்றைக்குச் செய்முறைத் தேர்வு. குரலை உயர்த்தாமல் வேலை வாங்கிக் காட்ட வேண்டும். பாஸானால் மேனேஜர். இல்லையென்றால் அந்த நாற்காலி முதலாளியின் மச்சானுக்கு.

மதிப்பெண் போட வந்த டீச்சர் தகரக் கொட்டகைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பரம சாது. வகுப்பில் அவர் பேசுவது இரண்டாவது பெஞ்சுக்கே கேட்காது.

மேஸ்திரி ஆட்களிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, போனோடு ஓரமாக ஒதுங்கினார். ஒருவன் வேலையே முடிந்துவிட்டதுபோல் மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்தான்.

‘இதமாகப் பேசியது போதவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்தார் சூப்பர்வைசர். எதிராளியின் மனதைப் புரிந்துகொண்டதைக் காட்டு என்பது பாடம்.

“உங்களுக்கு ஏதோ கவலை. எனக்குப் புரியுது. இத்தனை நாள் நீங்க பட்ட பாட்டுக்கு ரொம்ப நன்றி.”

“போச்சு! நன்றி வேற சொல்லிட்டாரு!” என்று ஒரு சித்தாள் பொத்தென்று உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

சட்டைப்பையில் போன் அலறியது. மனைவி.

“ஏங்க, மேஸ்திரி போன் பண்ணினாரு. காலையில டீ குடுத்ததுக்கு எனக்கும் நன்றி சொன்னீங்க. என்கிட்ட எதையோ மறைக்கிறீங்கதானே?”

சொன்னதையே திருப்பிச் சொல்லி உறுதிசெய் என்பது அடுத்த பாடம்.

“அதாவது, நான் உன்கிட்ட எதையோ மறைக்கிறேன்...”

“ஐயோ, ஒத்துக்கிட்டீங்களா! இருங்க, எங்க அண்ணனோட வர்றேன்!”

போன் கட்டாகிவிட்டது. கலவை லாரி டிரைவர் வந்து நின்றார்.

“சார், வெயில் கொளுத்துது. கலவை இறுகிடும். கொட்டுறீங்களா, திருப்பி எடுத்துட்டுப் போகவா?”

தொண்டை வரை வந்த அதட்டலை மருந்துபோல் விழுங்கினார் சூப்பர்வைசர்.

“நண்பர்களே, எதுவானாலும் மனம் விட்டுச் சொல்லுங்க.”

ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குகளை எடுத்துக்கொண்டு வரிசையாக ஏணியில் இறங்கினார்கள். மேனேஜர் பதவியும் அவர்களோடு இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது.

“ஏய்! எங்கடா இறங்குறீங்க? லாரியில கலவை வீணாகுது, இங்க ஊர்வலமா போறீங்க? ஏறுங்கடா மேல! பம்ப்பைப் போடு!”

டீச்சர்தான்.

மறுபேச்சில்லாமல் அத்தனை பேரும் மேலே ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் தளம் முழுக்கக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. அழுத சித்தாள்கூடச் சிரித்துக்கொண்டே கை கழுவினாள்.

டீச்சர் பழைய மெல்லிய குரலில் சொன்னார். “கடைசி வரைக்கும் நீங்க குரலை உயர்த்தல. வேலையும் முடிஞ்சுது. பாஸ். நான் கத்தினதை மட்டும் காலேஜ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

அவர் தலை மறைந்ததும் சூப்பர்வைசர் குதிக்காத குறை. “மேஸ்திரி, நான் பாஸ்! ஆனா, பரீட்சைக்காக ரெண்டு வார்த்தை மரியாதையா பேசினா இப்படியா பயந்து ஓடுவீங்க?”

“பின்ன என்ன சார்? அந்த டீச்சரம்மா எங்க பழைய சைட்டு சூப்பர்வைசர். அவங்களும் இப்படித்தான் ஒருநாள் திடீர்னு எங்ககிட்ட மரியாதையா பேசினாங்க. மறுநாள் வந்து பார்த்தா, கம்பெனியே மூடிக் கிடந்துச்சு!”