எட்டக்கையோட ஆள்காட்டி வெரலு

ஏம்மே, ஊர்ல இருந்து வந்ததும் வராததுமா எட்டக்கை கதை கேக்குற? உனுக்கு இன்னாத்துக்கு அது? அவன் பேர எடுத்தாலே எனுக்கு வவுறு எரியுது. சரி, கேட்டுட்டு வாய மூடிக்கினு பஸ் ஏறு.

இந்த நகரி ஊர்ல கம்ப்யூட்டர் பொட்டி இருக்குற வூடு, கடை எல்லாம் அவன் கையில தான். ஆனா உசுரே போனாலும் ஒரு பொட்டியக் கையால தொடமாட்டான். நாப்பது வயசு தடியன். தெருமுனைல கடை, அதுல மூணு ஸ்க்ரீனு, நாலு போனு. அங்க குந்திக்கினே சத்தியவேட்டு மருந்துக்கடை பொட்டிய நோண்டுவான், வெதுருகுப்பத்து உரக்கடை பொட்டிய நோண்டுவான். ரிமோட்டாம்! வூட்டுக்கே வந்தாலும், முட்டிக்கு நேரா இருக்குற பொட்டியத் தொடாம, ஜோப்புல இருந்து போன எடுத்து அது வழியா உள்ள பூருவான்.

"டேய், சோத்தயும் எட்டத்துல இருந்து தான் துன்னுவியா?"ன்னேன்.

"ஒக்க நிமிஷம் ஆயா, கனெக்ட் ஆவுது"ன்றான்.

அதான் எட்டக்கை.

இன்னொரு கொழுப்பு கேளு. ஊர்ல இருக்குற அத்தினி பொட்டிலயும் ஒரே ஏழுமலைப் படம் போட்டு வெச்சான். சாமி பாத்துக்குமாம். அவன் ஸ்க்ரீன்ல பத்துப் பொட்டியும் வரிசையா தெரியும், பத்துலயும் அதே மலை. எது யார் வூட்டு மலைன்னு அவனுக்கே தெரியாது. ஒருக்கா மருந்துக்கடைல யூரியா லிஸ்ட்டு பிரிண்ட்டா வந்து விழுந்துச்சி!

என் பேத்தி செல்விக்குத் திருப்பதில இன்டர்வியூ. பொடவைக்கு டிசைன் போடற வேலை. ரெண்டு வருசமா அவ வரஞ்சது எல்லாம் வூட்டுப் பொட்டில கீது. அத்தத் தூக்கிக்கினா போவ முடியும்? அங்க லாப்டாப்ப தொறந்தா வூட்டுப் பொட்டி தெரியற மாதிரி எட்டக்கை தான் பண்ணிக் குடுத்தான். "ஆயா, நீ அத்தத் தொடாத. அது நின்னா என் வேலை போச்சி"ன்னுட்டுப் போனா. நானும் பொட்டி எதிர நாயாட்டம் குந்திக்கினு இருந்தேன்.

பதினோரு மணிக்கு மலை பொசுக்குனு அணைஞ்சிச்சி.

போன்ல செல்வி அழுவுறா. "ஆயா! இன்னா பண்ண? நடுவுலயே பூட்ச்சி! அஞ்சு நிமிஷம் தான் குடுத்துக்கீறாங்க!"

"நான் தொடலடி!"

அதுக்குள்ள எட்டக்கை செருப்பு இல்லாம ஓடியாரான். உரக்கடை மலைன்னு நெனச்சி எங்க மலைய நிறுத்திட்டானாம். நிறுத்துனா, எட்டத்துல இருந்து திரும்பப் போட முடியாதாம்! ஓடியாந்தவன் ஒரு முழம் தள்ளி நின்னுக்கினு, "ஆயா, அந்த ரவுண்டு பட்டன நீ அமுக்கு"ன்றான்.

"உன் வெரலு இன்னாத்துக்குடா? மூக்கு நோண்டவா?"

"நான் கை வெச்சா உருப்படாது ஆயா. எங்க நைனா வாங்கிக்குடுத்த மொதப் பொட்டி, நான் தொட்டதும் பொகைஞ்சி போச்சி."

கண்ணு ரெண்டும் கலங்கிக் கெடக்கு. எனுக்கு வந்துச்சே கோவம்! தொடாதன்னு செல்வி சொன்னது எனுக்கு, அவனுக்கில்ல. அந்த ஆள்காட்டி வெரலப் புடிச்சி, பட்டன் மேல வெச்சி, ஒடியற மாதிரி ஒரு அமுக்கு. மலை வந்துச்சி. பொகை வர்ல. மூச்சு விட்டுட்டு, போன எடுத்து மிச்சத்த சரி பண்ணான். செல்விக்கு வேலையும் கெடச்சிச்சி.

மறுநாளே எங்க பொட்டில மலைய எடுத்துட்டு என் மூஞ்சியப் போட்டான். முறைக்கிற மூஞ்சி. "இத்தப் பாத்தா அணைக்கக் கை வராது ஆயா"ன்றான் பாவி.

நான் கத்துன கத்தலுக்குத் தெருவே வந்து கூடிச்சி. "இன்னா பண்ணான் எட்டக்கை?"ன்றாளுங்க. அவளுங்க வூட்டுப் பொட்டியும் அவன் கையில தான். நான் ஒரு வார்த்தை சொன்னா, அவன் கடைய இழுத்து மூடிக்கினு போவணும்.

"கரண்டு பூட்ச்சிடி. அந்தப் புள்ள தான் செருப்பு கூடப் போடாம ஓடியாந்து, தன் கையாலயே ஏத்திக்குடுத்தான்"ன்னேன்.